பஜ்ஜி வண்டியும் ஒரு மூட்டை நைட்டியும்

எனக்கு முதன்முதலாகச் சம்பளம் கொடுத்தது நானேதான். அதனால் வீட்டில் எவ்வளவு பெரிய கலவரம் வரும் என்று அப்போது தெரியாது.

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் நான் பஜ்ஜி வண்டிக்காரி. மெயின் அருவிக்குப் போகிற வழியில் என் தள்ளுவண்டி நிற்கும். வாழைக்காய் பஜ்ஜி, மிளகாய் பஜ்ஜி, சுக்குக் காப்பி. அருவியில் நனைந்து பல் கிட்டித்து வருகிறவர்களுக்கு அந்த நேரத்தில் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாலே பாதி உயிர் திரும்பிவிடும். வீடு தென்காசியில், ஒரே முற்றத்தைச் சுற்றி ஏழெட்டுக் குடும்பங்கள் இருக்கிற வளவில். என் வீட்டுக்காரர் ஆட்டோ ஓட்டுகிறார். மாமியார் எங்களோடு இருக்கிறார். கல்லூரியில் இரண்டு வருடம் பி.காம். படித்தவள் நான், மூன்றாவது வருடத்துக்குப் பதிலாகக் கல்யாணம் வந்தது. வரவு, செலவு, தேய்மானம் எல்லாம் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். அதற்கும் பஜ்ஜிக்கும் சம்பந்தம் உண்டு என்று எந்த வாத்தியாரும் சொல்லவில்லை.

எங்கள் மகளிர் குழுவுக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் தொழில் பயிற்சி வைத்தார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்றதால் கூட்டம் நன்றாகவே வந்தது. பாடம் எடுத்தது மதுரைப் பக்கத்துப் பெண். என் தங்கை வயதுதான் இருக்கும். மைக்கைப் பிடித்துக்கொண்டு முதல் கேள்வியே இப்படிக் கேட்டாள்:

"போன சீசன்ல உங்க ஒவ்வொருத்தருக்கும் என்ன லாபம் கிடைச்சுச்சு? சொல்லுங்க பார்ப்போம்."

பூ விற்கிற அக்கா ஒருத்தி எழுந்து, "விக்காம மிஞ்சுத பூவ நானும் என் மகளும் வச்சிக்கிடுவோம். அதான் லாபம்" என்றாள்.

அடுத்து எழுந்தவள் எங்கள் வளவில் பக்கத்து வீட்டுக்காரி. கடையநல்லூரிலிருந்து தென்காசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவள் மச்சான் என்று கூப்பிடுகிற புருஷன் துபாயில் வேலை பார்க்கிறார். இவள் வீட்டிலேயே நைட்டி தைத்து விற்கிறாள். "எனக்கு லாபம் நெறைய இருக்கு மேடம்" என்றாள் பெருமையாக. "எல்லாம் சொந்தக்காரவிய கிட்ட நிக்கு."

"எப்ப வரும்?"

"கேட்டா வரும். ஆனா சொந்தக்காரவிய கிட்ட எப்படி கேக்க? நாளைக்கி ஒரு கல்யாணத்துல மூஞ்சில முழிக்கணும்லா?"

என் முறை வந்தது. "சாயங்காலம் டப்பா நெறைய இருக்கும் மேடம்" என்றேன்.

"செலவு போக?"

"செலவு பண்ணினா அப்புறம் எப்படி நெறைய இருக்கும்?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை, நெற்றியைத் தடவிக்கொண்டாள். அப்புறம் எல்லோருக்கும் இரண்டு தகர டப்பா கொடுத்தாள். நீலம் வீட்டுக்கு, சிவப்பு கடைக்கு. வீட்டுப் பணமும் கடைப் பணமும் ஒன்றையொன்று தொடக் கூடாது. கடையிலிருந்து எதை எடுத்தாலும் விலை போட வேண்டும். யார் உழைத்தாலும் கூலி போட வேண்டும். "முதல்ல உங்களுக்கு நீங்களே சம்பளம் போடுங்க" என்றாள். எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. விடிகாலையில் எழுந்து மாவு கரைத்து, எண்ணெய்ப் புகையில் நின்று, இருட்டிய பின் வண்டி கழுவி வருகிறவளுக்குச் சம்பளம் என்று ஒன்று உண்டு என எனக்கே தோன்றியதில்லை. பக்கத்து வீட்டுக்காரி என் கையைத் தட்டி, "என்னக்கா, சாப்பாட்டுல காரமா?" என்று கேட்டாள்.

மறுநாளே சட்டத்தை அமல்படுத்தினேன். வீட்டுக்காரர் வழக்கம்போல வண்டிக்கு வந்து, ஸ்டாண்டு நண்பர்களுக்கென்று ஒரு பொட்டலம் பஜ்ஜி கட்டிக்கொண்டு கிளம்பினார்.

"துட்ட வச்சிட்டுப் போங்க" என்றேன்.

"ஏளா, நான்தான்."

"யாருன்னாலும் விலை ஒண்ணுதான். இது கடைச் சரக்கு."

கூட வந்த நண்பர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் பணத்தை எடுத்து வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் ஆட்டோவில் என்னையும் சிலிண்டரையும் மாவுச் சட்டிகளையும் ஏற்றி வீட்டில் இறக்கிய பிறகு இறங்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எறங்கலியா?"

"சவாரிக்குத் துட்டு? இது தொழில் வண்டி. குத்தாலத்துலயிருந்து தென்காசி. சிலிண்டருக்குத் தனி. நீ சட்டி கழுவுத வரைக்கும் காத்துக் கெடந்தேன்லா, அதுக்கு வெயிட்டிங்."

"பொண்டாட்டி கிட்ட வெயிட்டிங் கேக்கியளே, வெக்கமா இல்ல?"

"யாருன்னாலும் ரேட்டு ஒண்ணுதான்."

சிவப்பு டப்பாவைத் திறந்து கொடுத்தேன். இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் என் மாமியார். சீரியல் பார்த்துக்கொண்டே வாழைக்காய் சீவுவதும் மிளகாய் கீறுவதும் அவர் வேலை. இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது பேச்சை ஆரம்பித்தார்.

"ஏட்டி, நீ ஒனக்குச் சம்பளம் போட்டுக்கிட்ட. அவன் வாடகை வாங்கிட்டான். வாழைக்கா தானா சீவிக்கிடுதோ?"

"ஒங்களுக்கு இல்லாததா அத்தை? என்ன வேணும்?"

"வெளிய ஒரு பொம்பளையக் கூப்பிட்டா என்ன குடுப்பியோ அதக் குடு. ஞாயித்துக்கெழம லீவு. சீரியல்ல முக்கியமான கட்டம் வந்தா கத்திய கீழ வச்சிருவேன், அதுக்குக் கூலி புடிக்கப்படாது."

ஒத்துக்கொண்டேன். வேறு வழியில்லை. அவர் சீவுகிற மாதிரி மெலிசாகச் சீவ எனக்கு வராது.

இப்படியே கொஞ்ச நாள் போனது. ஒருநாள் காலையில் கடலை மாவு வாங்கச் சிவப்பு டப்பாவைத் திறந்தால் சில்லறை மட்டும் கிடந்தது. கூட்டம் குறையவில்லை, வியாபாரம் படுக்கவில்லை. ஆனால் பணம் இல்லை. நீல டப்பா நிறைய இருந்தது. கடைக்காரியாகிய நான் வீட்டுக்காரியாகிய என்னிடம் கைமாற்று கேட்டேன். வீட்டுக்காரி கேஸ் பில்லையும் பிள்ளையின் பள்ளிக்கூட வேன் கட்டணத்தையும் சொல்லி மறுத்துவிட்டாள். அடுப்படியில் நான் தனியாக முணுமுணுத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து மாமியார், "கோட்டி புடிச்சிருச்சா?" என்றார்.

அன்று உட்கார்ந்து யோசித்தேன். யார் அநியாயமாக வாங்குகிறார்கள்? வெளி ஆட்டோ வைத்தாலும் இதே வாடகைதான். வெளியாளை வாழைக்காய் சீவ வைத்தாலும் இதே கூலிதான். என் சம்பளத்தையும் பெரிதாகப் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியானால் இத்தனை வருடமாக டப்பா நிறைந்து வழிந்ததே, அது லாபமே இல்லை. எங்கள் மூன்று பேருடைய கூலி. அதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு லாபம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஊர் ஊரிலிருந்து குளிக்க வந்த ஜனங்களுக்கு நாங்கள் குடும்பத்தோடு பஜ்ஜி தானம் செய்துகொண்டிருந்தோம்.

கோபம் யார் மேல் வரவேண்டும் என்று தெரியாததால் விலையின் மேல் காட்டினேன். பஜ்ஜி விலையை ஏற்றினேன். சிலர் முகம் சுளித்துப் போனார்கள். குளிரில் வெகுதூரம் போக முடியாமல் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். சுக்குக் காப்பியில்தான் நிஜமாகவே ஏதோ மிஞ்சுகிறது என்று தெரிந்ததும் அந்தப் பானையை முன்னால் வைத்தேன். சிலிண்டரையும் சட்டிகளையும் தினமும் கொண்டுபோய்க் கொண்டுவராமல், குற்றாலத்திலேயே ஒரு லாட்ஜின் பின்கட்டில் சின்ன வாடகைக்கு விட்டுவிட்டு பஸ்ஸில் வர ஆரம்பித்தேன்.

இதைச் சொன்னதும் வீட்டுக்காரர் முகம் விழுந்துவிட்டது.

"என் ரெகுலர் சவாரிய ஒரு வார்த்த கேக்காம நிறுத்திட்டியே."

"ஒங்க ரேட்டு கட்டுப்படியாகல."

"கொறச்சிக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா?"

இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பொண்டாட்டி பஸ்ஸில் போகிறாள் என்பதை விட ஒரு வாடிக்கையாளர் கைவிட்டுப் போனதுதான் அவரை வாட்டியது. பிறகு அவராகவே பக்கத்து வண்டிக்காரிகளிடம் பேசி, மூன்று பேரின் சாமானைச் சேர்த்து ஏற்றிக் கொண்டுபோகிற மாத ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வந்தார். அந்த மூன்று பேரும் தினமும் அவருக்கு இலவசமாகச் சுண்டலும் அவித்த கடலையும் கொடுக்கிறார்கள் என்பதையும் எனக்குக் கேட்கும்படி சொன்னார்.

எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்துகொண்டிருக்கும்போது மலையில் பேய்மழை. அருவியில் தண்ணீர் முன்னால் கட்டியிருக்கிற பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டியது. குளிக்கத் தடை. போலீஸ் கயிறு கட்டி எல்லோரையும் தள்ளி நிறுத்தியது. ஜனங்கள் தூரத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். நனையாதவர்களுக்குப் பஜ்ஜி ஆசை வருவதில்லை. கரைத்த மாவு புளித்தது. வாழைக்காய் பழுத்தது. தடை நீடிக்க நீடிக்க, சிவப்பு டப்பாவில் அரும்பாடுபட்டுச் சேர்த்திருந்தது கரைந்துபோனது. தண்ணீர் குறைந்தால் நாளைக்கே கூட்டம் வரும்; அப்போது சரக்குப் போடக் கையில் பணம் இல்லை.

வீட்டில் பணம் வைத்திருந்தவர் ஒருவர்தான். வாங்கிய கூலியில் ஒரு ரூபாயைக்கூடத் தொடாமல், கால் வலித் தைல டப்பாக்கள் இருந்த பெட்டிக்குள் சேர்த்து வைத்திருந்தார் என் மாமியார். போய் நின்றேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். டிவியை நிறுத்தினார். அவர் டிவியை நிறுத்தி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"எதுக்கு?"

"சரக்கு போடத்தான் அத்தை."

"எப்பத் தருவ?"

"தட எடுத்ததும்."

"தட எப்ப எடுப்பான்?"

"அது மழைக்குத்தான் தெரியும்."

"அப்ப யாரு ஜாமீன்?"

"ஒங்க மகன்தான்."

"அவனா? அவனுக்கு யாரு ஜாமீன்?"

வாசற்படியில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்த வேகத்தில், "நான் இருக்கேன் பெரியம்மா, நான் ஜாமீன்" என்று சொல்லிவிட்டாள். மாமியார் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார்.

"வாயால சொன்னா போதுமா? என்ன வச்சிருக்க?"

அவள் வீட்டில் விற்காத நைட்டி ஒரு பெரிய மூட்டை கிடந்தது. விளையாட்டாகத்தான் இழுத்துக்கொண்டு வந்தாள். மாமியார் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. மூட்டையை அவிழ்த்து, தையலை இழுத்துப் பார்த்து, பூப்போட்ட நைட்டியைத் தூக்கிப் பிடித்து, "இதெல்லாம் மனுசி போடுத துணியா?" என்று ஏசிவிட்டு, பிறகு பணத்தை எண்ணிக் கொடுத்தார். மூட்டை கட்டிலுக்குக் கீழே போனது.

தடை எடுத்த அன்று காலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. மாற்றுத் துணி எடுக்காமல் வந்து, அருவியைப் பார்த்ததும் ஆசைப்பட்டு இறங்கிவிட்டு, ஈரச் சேலையோடு நடுங்கிக்கொண்டு நிற்கிற பெண்களை நான் தினமும் பார்க்கிறேன். கட்டிலுக்கடியில் கிடப்பதை வண்டியில் தொங்கவிட்டால் என்ன? பக்கத்து வீட்டுக்காரி துள்ளினாள். மாமியார் மட்டும், "அடகுச் சாமான் எங்க போகுதோ அங்க நானும் வருவேன்" என்று கிளம்பிவிட்டார். மூன்று பேரும் மூட்டையோடு பஸ் ஏறினோம்.

பஜ்ஜி வண்டியின் மேல் கம்பியில் கலர் கலராக நைட்டிகள் ஆடின. நல்ல கூட்டம். மத்தியானத்துக்குள் ஐந்தாறு போய்விட்டது. யாரும் கடன் சொல்லவில்லை. சொல்ல முடியாதே, அவர்கள் இவளுக்குச் சொந்தக்காரர்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கையில் வாங்கிய நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அக்கா, உடனே குடுத்துருதாங்கக்கா!" என்று என் காதில் சொன்னாள்.

அதன்பிறகுதான் அவர்கள் வந்தார்கள். ஒரு வேனில் வந்த ஆண்கள் கூட்டம். ஏதோ ஆபீஸ்காரர்கள் என்று பார்த்ததும் தெரிந்தது; இடுப்பில் ஈரத் துண்டு கட்டிக்கொண்டு நிற்கும்போதுகூட ஒருவருக்கொருவர் சார் போட்டுக்கொண்டார்கள். துணிமணி, செல்போன் எல்லாம் வேனுக்குள். டிரைவர் வேனைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு, செங்கோட்டைப் பக்கம் கோழியும் புரோட்டாவும் தின்னப் போய்விட்டாராம். சாரல் காற்று ஊசியாகக் குத்தியது. ஒருவர் கழுத்தில் மட்டும் பிளாஸ்டிக் உறையில் பணம் தொங்கியது. அவருக்குப் பெரிய மீசை. அவர்தான் மேலதிகாரி போலிருந்தது. எல்லோரும் சுக்குக் காப்பி குடித்தார்கள். இரண்டாம் முறையும் குடித்தார்கள். நடுக்கம் நிற்கவில்லை. மீசைக்காரர் மேலே பார்த்தார்.

"ஏம்மா, ஜென்ட்ஸ் போடற மாதிரி ஏதாச்சும் இருக்கா?"

பக்கத்து வீட்டுக்காரி விழித்தாள். என் மாமியார் முன்னால் வந்தார்.

"இதுல ஆம்பள பொம்பளன்னு கெடையாது சார். சைஸ்தான்."

"இது நைட்டிம்மா."

"குளிருதா, குளிரலியா?"

மீசைக்காரர் தன் ஆட்களைப் பார்த்தார். ஒருவர் உதடு நீலமாகியிருந்தது. "கொஞ்சம் கொறச்சுக் குடுங்க" என்றார் பரிதாபமாக. பக்கத்து வீட்டுக்காரி இளகி, "சார், வேணும்னா அப்புறமா..." என்று ஆரம்பித்தாள். மாமியார் அவள் காலை மிதித்தார். சொன்ன விலைக்கே விற்றது. ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுத்ததும் மாமியார்தான். மூட்டையை அடகு பிடித்த அன்று மனுசி போடுகிற துணியா என்று கேட்ட அதே வாயால், "இந்தப் பச்ச ஒங்க நெறத்துக்கு எடுக்கும் தம்பி" என்றார். மீசைக்காரருக்கு ஊதாவில் மயில் போட்டது வந்தது. கைப் பக்கம் கொஞ்சம் இறுக்கம். மற்றபடி கச்சிதமாக இருந்தது.

பூப்போட்ட நைட்டிகளோடு ஒரு வரிசை ஆண்கள் நின்று மிளகாய் பஜ்ஜி தின்பதைப் பார்க்கக் குற்றாலமே கூடிவிட்டது. பார்க்க வந்தவர்கள் சும்மா நிற்க முடியாமல் ஆளுக்கொரு பொட்டலம் வாங்கினார்கள். எனக்கு மாவு கரைத்து மாளவில்லை. கடைசியில் டிரைவர் பல் குத்திக்கொண்டு வந்து சேர்ந்தார். வண்டிப் பக்கம் பார்த்தார், அருவிப் பக்கம் பார்த்தார். ஊதா நைட்டியின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்று மரியாதையாகக் கேட்டார்:

"யக்கா, இங்கன ஒரு ஆபீஸ் பார்ட்டி குளிச்சிக்கிட்டு நின்னாவளே, எங்கன போனாவன்னு பாத்தியளா?"

அக்கா திரும்பினார். மீசையைப் பார்த்ததும் டிரைவர் இரண்டு அடி பின்னால் போய் ஒரு சிறுமியின் பலூனில் மோதினார்.

அன்று சாயங்காலமே மாமியாரின் கடன் அடைந்தது. வட்டி என்ன வேண்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மிச்சமிருந்ததில் அரக்கு நிறத்தில் ஒன்றை உருவிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் விலையைப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சிவப்பு டப்பாவிலிருந்து கொடுத்தேன். அதை அவர் போட்டு இதுவரை நான் பார்க்கவில்லை. ஆனால் மதியம் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குகிற பழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கூட்டத்தில் யாரோ எடுத்த போட்டோ கைமாறிக் கைமாறித் துபாய்க்குப் போய்விட்டது. நைட்டியின் பூவை வைத்தே இது தன் வீட்டுத் துணி என்று பக்கத்து வீட்டு மச்சான் கண்டுபிடித்துவிட்டார். வீடியோ காலில் வந்தார். அவள் எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

"என்னது இது, ஆம்பளையளுக்கு நைட்டி விக்கியா?"

"ஆமா மச்சான். ரொக்கத்துக்கு விக்கேன்."

பிறகு, "எவ்வளவு போச்சு?" என்றார். அவள் சொன்னாள். "அப்ப அடுத்த மாசம் துட்டு கொஞ்சம் கூடப் போட்டு விடவா? நெறைய தையி."

"போட்டு விடுங்க. கடனா எழுதிக்கிடுதேன். எப்பத் தரணும்னு மட்டும் சொல்லுங்க" என்றாள். மனைவி கடன் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர். போன் கட்டாகிவிட்டது என்றே நினைத்தோம். உற்றுப் பார்த்தால் அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இப்போது அவளுக்குத் தனி வண்டி. துண்டு, அரை டவுசர், லுங்கி, குழந்தை உடுப்பு எல்லாம் வைத்திருக்கிறாள். சொந்தக்காரர்கள் வந்தால், "வண்டி அக்காவோடது, நான் சம்பளத்துக்கு நிக்கேன்" என்று சொல்லித் தப்பிக்கிறாள். நாங்கள் பணக்காரர்களாகிவிடவில்லை. தடை போட்டால் இப்போதும் மாவு புளிக்கத்தான் செய்கிறது. ஆனால் தடைக் காலத்துக்கென்று ஒதுக்கி வைக்கக் கற்றிருக்கிறேன். மிஞ்சினால் பழுத்துவிடும் என்பதால் வாழைக்காய் பஜ்ஜியைக் கூட்ட நாளில் மட்டும்தான் போடுகிறேன்.

அந்தச் சீசன் முடிந்து, எல்லோருக்கும் கொடுத்தது போக என் சம்பளம் முதன்முறையாக முழுசாகக் கையில் நின்றது. என்ன செய்வதென்று தெரியவில்லை. தென்காசி பஜாரில் ஒரு ஓட்டலுக்குள் தனியாகப் போய் உட்கார்ந்தேன். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டேன். சர்வர் வந்து, "கூட ஆளு வருதாவளாம்மா?" என்று கேட்டார். "இல்ல, நான் மட்டும்தான்" என்றேன். நெய் ரோஸ்ட்டும் காப்பியும் வந்தன. யாருக்கும் பிய்த்துக் கொடுக்காமல் முனையிலிருந்து மெதுவாகத் தின்றேன். வெளியே லேசாகத் தூறியது. இன்னொரு காப்பி சொன்னேன்.